பத்துத் தாளில் நாற்பது கை

போன மாதம் உங்கள் அச்சகத்துக்கு வந்திருந்தபோது புது வெட்டு இயந்திரத்தைக் காட்டினீர்கள். அளவைத் தட்டிவிட்டால் கத்தி தானாக இறங்குகிறது, தானாக ஏறுகிறது. கையை உள்ளே நீட்டினால் நின்றுகொள்கிறது. யோகக்காரப் பிள்ளைகள். எங்கள் காலத்துச் சக்கரத்தைச் சுற்றியிருந்தால் தெரியும் சேதி. இரண்டு தோளும் மாலையில் கழன்று கீழே விழுந்துவிடும் போலிருக்கும்.

அன்றைக்கு உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? இருபது தாள் இருக்கிறது, கால் காலாக வெட்டினால் எத்தனை துண்டு வரும் என்றேன். ஒரு பையன் யோசிக்காமல் "அஞ்சு" என்றான். மற்றவர்கள் சிரித்தீர்கள். அவன் முகம் சுண்டிப் போயிற்று. அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன், சிரித்தவர்களும் படியுங்கள். திண்டுக்கல்லில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இதைவிடக் கேவலமான பதில் சொன்னவன் நான்.

ஐம்பதுகளின் கடைசி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த அச்சகம். காலால் மிதித்து அச்சடிக்கும் ஒரு டிரெடில், ஒரு வெட்டு இயந்திரம், நாலு எழுத்துப் பெட்டி, அவ்வளவுதான் சொத்து. முதலாளி ஒரு பாய். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வாய்த்துடுக்கு மட்டும் அறுபது வயதுக்காரருக்கு உள்ளது. வேலை கேட்டுப் போய் நின்றவனிடம், "இருபத்தஞ்சு தாள் இருக்கு. நோட்டீசுக்கு அரைக்கால் அரைக்காலா வெட்டினா எத்தன வரும்?" என்றார். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. எட்டாவது வரை படித்த திமிரில் நான் மனசுக்குள் இருபத்தைந்தை எட்டால் வகுத்து, "மூணே அரைக்கால்" என்றேன். வகுத்தால் குறையும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள்?

பாய் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று தடவை மடித்தார், பிரித்துக் காட்டினார். எட்டுக் கட்டம். "ஒரு தாளுக்கே எட்டு வருதுப்பா. இருபத்தஞ்சு தாள உங்கிட்டக் குடுத்தா மூணா ஆக்கித் தருவியா? மிச்சத்தத் தின்னுருவியோ?" என்றார். இருநூறு வரும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை கொடுத்தார், கூடவே ஒரு பெயரும் வைத்தார். அன்றிலிருந்து நான் அந்த அச்சகத்தில் 'மூணே அரைக்கால்' ஆகிவிட்டேன். டீக்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்தக் கேலியில் எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. எந்தத் தாளைப் பார்த்தாலும் கால், அரைக்கால், அதிலும் பாதியான வீசம் என்று மனசு வெட்டிக்கொண்டே இருக்கும். துண்டு சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை ஏறுகிறதே, அதில் ஒரு கிறுக்கு. பத்தை அரைக்காலால் வகுத்தால் எண்பது, வீசத்தால் வகுத்தால் நூற்றறுபது என்று அடித்துவிடுவேன். எண் பெரிதாக வந்தால் நான் கெட்டிக்காரன் என்று நினைப்பு. இந்த நினைப்புதான் ஒரு மனிதனின் பல்லை உடைத்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு ரம்ஜான் பெருநாள். அச்சகத்துக்கு விடுமுறை. சாணை பிடித்து வந்த கத்தியை இயந்திரத்தில் மாட்டுவதற்காக நான் மட்டும் காலையில் வந்து கதவைத் திறந்திருந்தேன். தெருவெல்லாம் அத்தர் வாசம். தொழுகை முடிந்து புதுச்சட்டைகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. கத்தியை மாட்டி எண்ணெய் விட்டு நிமிர்ந்தால் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். முப்பது வயதிருக்கும். புடவை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். அழுது முடித்த கண்.

"ஏனுங்க, இங்க நோட்டீசு அடிப்பீங்களாங்க?"

"இன்னிக்கு லீவுக்கா. பெருநாளு."

"அப்படிச் சொல்லாதீங்க. என்ற தம்பியக் காணமுங்க."

ஒட்டன்சத்திரத்துக்காரி. மயிலாத்தாள் என்று பெயர். தம்பி நாச்சிமுத்து காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது, எழுத்தும் தெரியாது. நாலு நாளைக்கு முன்னால் ஒரு லாரியில் மூட்டை அடுக்கிவிட்டு, அசதியில் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டான் போலிருக்கிறது. யாரும் பார்க்காமல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டி வண்டியை எடுத்துவிட்டார்கள். எந்த வண்டி, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. "பசிக்குதுன்னு கேக்கத் தெரியாதுங்க அவனுக்கு. வவுத்தத் தொட்டுக் காட்டுவான். நமக்குத் தெரியும், ஊரானுக்குத் தெரியுங்களா?" என்றாள். பழனியில் அச்சகக்காரர்கள் எல்லாம் தைப்பூச நோட்டீசில் மூழ்கியிருந்தார்களாம். நாலு நாள் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். சாயங்காலம் சந்தையிலிருந்து லாரிகள் கிளம்புமுன் நோட்டீசு கையில் இருக்க வேண்டும் என்று திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் உண்டு.

எனக்கு மனசு கேட்கவில்லை. டீக்கடைக்காரரை விட்டுப் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். அலமாரியில் தாள் எவ்வளவு என்று பார்த்தேன். சரியாக இருபது தாள். காகிதக்கடை அடுத்த தெருவில்தான், ஆனால் அந்தக் கடைக்காரரும் பாய்தான்; பெருநாளுக்குக் குடும்பத்தோடு வத்தலக்குண்டு போயிருந்தார்.

இப்போது கவனியுங்கள். பாய் வருவதற்குள் ஒரு வேலையை முடித்து வைப்போம் என்று நினைத்தேன். நோட்டீசு என்றால் அரைக்கால்தானே, காலங்காலமாக அப்படித்தானே வெட்டுகிறோம்? புதுச் சாணைக் கத்தி வேறு பளபளவென்று எதிரே தொங்குகிறது. கை சும்மா இருக்குமா? இருபதில் பாதியை எண்ணி எடுத்து, தட்டி அடுக்கி, சக்கரத்தைச் சுற்றினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பத்துத் தாள், எண்பது துண்டு. எனக்கு ஒரே குஷி. அடுத்த பத்தைக் கையில் எடுக்கிற நேரம் பாய் உள்ளே நுழைந்தார். வெள்ளை வெளேரென்று புதுச்சட்டை, புதுக் கைலி. மயிலாத்தாள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். பிறகு மேசைக்குத் திரும்பினவர் துண்டுகளைப் பார்த்துவிட்டார்.

என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். குரலைத் தணித்துத்தான் பேசினார்.

"ஏன்டா, மேட்டர் கம்போஸ் ஆகாம பேப்பர் மேல கத்திய வைக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நோட்டீசுதான பாய்… எண்ணிக்க கூடும்ல. எம்பது வந்திருச்சு."

"எம்பது வந்துச்சாம் எம்பது! இத என்ன கல்யாண வீட்டுலயா குடுக்கப் போறாக? லாரியில ஒட்டணும்டா. ஓடுற வண்டியில இந்தத் தம்மாத்தூண்டு யாரு கண்ணுக்குத் தெரியும்? காலுல்ல வேணும்! இருபது தாளும் முழுசா இருந்தா எம்பதும் காலாவே வந்திருக்கும்டா மடையா!"

நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் தலையைத் தொங்கப் போட்டேன். வெட்டின தாளுக்கு வைத்தியம் ஏது? மிச்சம் பத்துத் தாள். கால் காலாக வெட்டினால் நாற்பது.

வெளியே வந்து பாய் தானே ஸ்டிக்கைக் கையில் பிடித்து எழுத்துக் கோத்தார். கம்பாசிட்டர் ஊருக்குப் போயிருந்தார். பெயர், வயது, உடுத்தியிருந்த துணி, கண்டவர்கள் சந்தையில் எந்தக் கடைக்குச் சொல்ல வேண்டும் என்ற விவரம். அடையாளம் என்ன என்று கேட்டபோது மயிலாத்தாள் தன் இடது கையை நீட்டி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கிக் காட்டினாள். "கரும்பாலையில போயிருச்சுங்க, இந்த ரெண்டும்."

கோத்துக்கொண்டிருந்த பாய் சட்டென்று நிறுத்தினார். "தாயி, கேரளாப் பக்கந்தான நெறைய வண்டி போகுது? அந்த டிரைவருக எத்தன பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்?"

அதுவரைக்கும் தைரியமாக நின்றவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் நாளைக்குமாக அறுபது வண்டியாவது மலையாளத்துக்குப் போகும், பாதிக்கு மேல் அந்த ஊர் டிரைவர்கள் என்றாள். படம் போடலாம் என்றால் நாச்சிமுத்துவைப் படமே எடுத்ததில்லை. எடுத்திருந்தாலும் அதை அச்சடிக்கப் பிளாக், அதாவது அச்சுக்கட்டை, செய்து வர மதுரைக்குப் போய் மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

நான் எண்பது சின்னத் துண்டையும் டிரெடிலில் ஓட்டி முடித்தேன். கையெல்லாம் மை. வழக்கம்போலக் கழிவுத் தாளை எடுத்து உள்ளங்கையை அழுத்தித் துடைத்தேன். மயிலாத்தாள் எழுந்து வந்தாள். அந்தக் கழிவுத் தாளை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். என் அஞ்சு விரலும் ரேகை ரேகையாக அதில் பதிந்திருந்தது.

"ஏனுங்க," என்றாள் பாயைப் பார்த்து, "இதேமாரி என்ற தம்பி கையப் போட்டுப்போடலாமுங்களா?"

பாய் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அல்லாவே! இம்புட்டு நேரமா மூள இருந்தும் நாங்க ரெண்டு பேரும் மண்ணாட்டம் நிக்கிறோம் பாரு தாயி" என்றார்.

பத்துத் தாளையும் கால் காலாக வெட்டினேன். இந்தத் தடவை நாலு தரம் அளந்தேன். மேல் பாதியில் எழுத்தை ஓட்டினோம். கீழ்ப் பாதி கைக்கு. என் இடது கையின் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மை படாதபடி காகிதத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். பாய் ரோலரால் உள்ளங்கையில் மை தடவினார். முதல் தாளில் அழுத்தினேன். மயிலாத்தாள் குனிந்து பார்த்து, "சுண்டு வெரலுல அடிக்கணு ஒண்ணு மிச்சம் இருக்குமுங்க. கொஞ்சம் மேல ஏத்திக் கட்டுங்க" என்றாள். ஏற்றிக் கட்டினேன். அடுத்த தடவை பார்த்தவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மை ஒட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்பது தடவை அழுத்தினேன். பாயின் புதுச்சட்டையில் முழங்கை வரைக்கும் மை. அவர் வீட்டிலிருந்து அடுக்குத் தூக்கு வந்தது. மேல் அடுக்கில் பிரியாணி, கீழ் அடுக்கில் நோட்டீசு ஒட்டுவதற்கு மைதாப் பசை. பெருநாள் சமையலுக்கு நடுவில் பாய் வீட்டு அம்மா காய்ச்சி அனுப்பியிருந்தார்கள். மயிலாத்தாள் பசையை மட்டும் வாங்கிக்கொண்டாள். "அவன் வந்தப்பறம் ரெண்டு பேருமா வந்து திங்கறமுங்க" என்றாள்.

கிளம்பும்போது பெரிய தாள்களை எண்ணினாள். நாற்பது. "வண்டி அறுவது போகுமுங்களே. இன்னொரு இருவது ஆகாதுங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தாள் இம்புட்டுதான் தாயி. இன்னிக்குக் கடையில்ல. சின்னத மத்த வண்டிக்குக் குடுத்துருங்க" என்றார் பாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் இலையில் விழுகிற தோசையைப் பார்த்தாலும் கால் கால் என்று மனசு பிய்க்கும். இருபதைக் காலால் வகுத்தால் எண்பது, பத்தைக் காலால் வகுத்தால் நாற்பது, அறுபதில் நாற்பது போனால் இருபது. அந்த இருபது வண்டியில் ஒன்றின் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தால்? பாயும் அன்றிலிருந்து என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பத்தாம் நாள் காலை. வாசலில் ஒரு மூட்டை முருங்கைக்காய் பொத்தென்று இறங்கியது. இறக்கினவனுக்கு இடது கையில் மூன்று விரல். பின்னால் மயிலாத்தாள், முகமெல்லாம் சிரிப்பு. பாய் பெட்டியை விட்டு எழுந்து ஓடி வந்தார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

நடந்ததை அவள் சொன்னாள். அவனைக் கண்டுபிடித்தது யாருமில்லை, அவனேதான்! பாலக்காட்டுக்கு அப்பால் ஒரு சந்தையில் கிடந்திருக்கிறான். ஒரு லாரி வந்து நிற்க, முன்பக்கம் கண்ணாடிக்குக் கீழே தன் கை ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறான். ஓடிப் போய் அதன்மேல் தன் கையை வைத்தானாம். டிரைவர் இறங்கி வந்து விரட்டினாலும் எடுக்கவில்லையாம். தமிழ் எழுத்து தெரியாத அந்த டிரைவர் தாளில் இருந்த கையையும் அதன்மேல் இருந்த கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேசாமல் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நாச்சிமுத்து சிரித்தான். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. உதட்டில் ஆறாத காயம்.

"இது என்ன தாயி?" என்றார் பாய்.

"அது அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்திங்க. நம்ம சந்தைக்கு வர்ற மலையாளத்து வண்டி ஒண்ணு அங்க போயிருக்குது. வண்டிய அடையாளம் கண்டுட்டு, ஊருக்குப் போயிரலாமுன்னு மூட்டை மேல ஏறியிருக்கறான். திருடன்னு நெனச்சு இழுத்துப்போட்டு அடிச்சுப்போட்டாங்க. அந்த வண்டிக்குப் பெரிய தாளு பத்தலீங்க. சின்னதுதான் குடுத்தேன். அவியளுக்கு அதப் படிக்கத் தெரீலீங்க."

பாய் வாயைத் திறக்கப் போனார், மறுபடியும் எனக்காக எதையோ சொல்லத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, தாள் பத்தாமப் போனது என்னாலதான். நீங்க வந்ததும் வராததுமா யாரையும் கேக்காம பத்துத் தாளச் சின்னதா வெட்டிப்புட்டேன். இல்லாட்டி எம்பது கை வந்திருக்கும். எல்லா வண்டிக்கும் பத்தியிருக்கும்."

மயிலாத்தாள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் பாயின் மேசையில் கிடந்த ஒரு பழைய அரைக்கால் நோட்டீசை எடுத்தாள். திருப்பினாள். வெறும் வெள்ளைப் பக்கம். அதன்மேல் தன் கையை வைத்தாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கச்சிதமாக அடங்கியது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே," என்றாள் நிதானமாக. "படிக்கத் தெரியாதவியளுக்கு எழுத்து எதுக்குங்க? பொறத்தால கைய மட்டும் போட்டிருந்தா, அந்த எம்பதும் ஆயிருக்குமுங்களே."

பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எண்பது சின்னத் துண்டும் என் கண்ணெதிரேதான் கிடந்தன. அவற்றைப் பார்க்கவே எனக்குப் பயம், கண்ணில் படாமல் முதலில் கட்டி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றே இருந்தேன். தப்பை மறைக்கிற அவசரத்தில் அந்தத் துண்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்டியது மடத்தனம். சொல்லாமல் இருந்ததுதான் அந்தப் பல்லை உடைத்தது.

நாச்சிமுத்துவுக்கு எங்கள் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. அக்காள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்து என்னவோ புரிந்துகொண்டான். என் இடது கையைப் பிடித்து இழுத்தான். நகக்கண்ணில் இன்னும் போகாத மையைத் தடவிப் பார்த்தான். என் இரண்டு விரலையும் அவனே மடக்கினான். சுண்டு விரலை மட்டும் ஒரு கணு உயர்த்திவிட்டான். பிறகு தன் கையை அதன்மேல் வைத்து, அந்த உடைந்த பல் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பாய் வீட்டிலிருந்து அன்றும் தூக்கு வந்தது. நாலு பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். "ஒரு தட்டு, ஆளுக்குக் கால். எத்தன பேருக்கு ஆகும்டா?" என்றார் பாய். பத்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, "சொல்லுப்பா மூணே அரைக்கால்" என்றார். நாலு விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன். வாயில் சோறு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அஞ்சு" என்று சொன்ன தம்பி, நீ வெட்கப்படாதே. அந்தக் கணக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். நாளைக்கு நீ அவசரத்தில் எதையாவது தப்பாக வெட்டிவிட்டால், அந்தத் துண்டுகளை மேசைக்கு அடியில் தள்ளாதே. அப்படியே எடுத்து வந்து எல்லார் முன்னாலும் மேசைமேல் வை. உனக்குத் தோன்றாதது பக்கத்தில் நிற்கிற யாருக்காவது தோன்றும். எனக்கு அது தெரிய நாச்சிமுத்துவின் பல் போக வேண்டியிருந்தது.